அமெரிக்க வைத்திய நிபுணரும் மறுபரீட்சையும்

சென்ற வருஷம் நம் கலாசாலையின் பழைய மாணாக்கர் கூட்டத்திற்கு அமெரிக்க ஐக்கிய மாகாணங்களினின்று நண்பர் ஒருவர் வந்திருந்தார். எம்மோடு ஒரே விடுதியில் வசித்து, ஒரே பெஞ்சியில் அமர்ந்து விலங்கு நூல் பயின்றவர். பின்னர் வைத்தியம் கற்று, அந்நாட்டில் முப்பதாண்டுகளாக உள்நோய் வைத்தியராயிருப்பவர். இராப்போஜனம் முடிந்ததும் பழங்கதை பேசலாமென்று அவர் தங்கியிருந்த அறைக்குச் சென்றோம். அவரோ மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, நெற்றியைச் சுருக்கி, எதனையோ உற்று நோக்கிக் கொண்டிருந்தார். "சற்றுப் பொறு; நாலு நிமிஷந்தான். கடிகாரம் ஓடுகிறது" என்று கூறிக் கணினியின் முகத்தை எமக்கு மறைவாகத் திருப்பிக்கொண்டார். அறுபதை எட்டிய, தலை நரைத்த டாக்டர் ஒருவர், விருந்துக்கு வந்த இடத்தில், நள்ளிரவில் பரீட்சை எழுதுகின்றார் என்று அறிந்தபோது எமக்குச் சிரிப்பும் வியப்பும் ஒருங்கே தோன்றின. அவர் சிரிக்கவில்லை. "மூன்று மாதத்திற்கு முப்பது வினா. இத்தவணை முடிய இன்னும் மூன்று நாளே உண்டு" என்றார்.

அன்றிரவு அவர் சொல்லக் கேட்டும், பின்னர் யாமே தேடிப் படித்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகின்றோம். நம் மாணாக்கருள் வைத்தியக் கல்லூரிக்குச் செல்வோர் ஆண்டுதோறும் சிலரே. வைத்தியரிடம் செல்லாதாரோ ஒருவருமிலர். ஆதலின் இப்பொருள் நம்மனைவருக்கும் உரியதே.

முதலாவது ஓர் வேற்றுமையைத் தெளிந்துகொள்ளல் வேண்டும். அந்நாட்டில் வைத்தியம் செய்ய உரிமை அளிப்பது மாகாண சர்க்காரின் லைசென்ஸ். அது பொதுவானது. அதனைப் பெற்ற ஒருவர் கண்ணைத் தொடலாம், காதைத் தொடலாம், வயிற்றையும் அறுக்கலாம், சட்டம் தடுப்பதில்லை. இன்ன துறையில் இவர் முறையாகப் பயின்று தேறினவர் என்று காட்டுவது வேறொரு பத்திரம். அதனைச் சர்க்கார் வழங்குவதில்லை. அந்தந்தத் துறை வைத்தியர்களே கூடி அமைத்துக்கொண்ட 'போர்டு' எனப்படும் நிபுணர் சபைகள் வழங்குகின்றன. சட்டப்படி அப்பத்திரத்தை ஒருவர் பெறவேண்டுமென்னும் கட்டாயம் இல்லை. ஆயினும் ஆஸ்பத்திரிகளிற் பல அஃதில்லாதவரைச் சேர்த்துக்கொள்ளா. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளும் அதனைக் கேட்கின்றன. விருப்பமென்று பெயர், விலக்கி வாழ்வது அரிது. பின்னர் எழுந்த பூசல்களுக்கெல்லாம் இவ்விரட்டைத் தன்மையே வேர் என்பது எம் கருத்து.

இச்சபைகள் தோன்றிய வரலாறு சுவையுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நாட்டில் எவரும் தம்மைக் கண் நிபுணர் என்று பலகை எழுதி மாட்டிக்கொள்ளலாம். சொற்ப காலப் பயிற்சியோடு கண்ணில் கத்தி வைத்தவர் பலர். 1908-ஆம் வருஷம் டெரிக் வேய்ல் என்னும் கண் வைத்தியர் தம் சங்கத்தாரின் முன் பேசுகையில் இந்நிலையை எடுத்துக்காட்டி, தக்க பயிற்சியும் பரீட்சையும் வேண்டுமென வற்புறுத்தினார். அதன் பயனாக 1916-இல் கண் வைத்தியர்களின் சபை உண்டாயிற்று; அவ்வருஷமே டென்னஸி மாகாணத்து மெம்பிஸ் நகரில் அதன் முதற் பரீட்சை நிகழ்ந்தது. 1924-இல் காது, மூக்கு, தொண்டை வைத்தியர்களும், 1930-இல் பிரசவ வைத்தியர்களும், 1932-இல் சரும வைத்தியர்களும் தத்தமக்கெனச் சபை கண்டனர். 1933-இல் இவற்றை இணைக்கும் பொதுச் சபை ஒன்று அமைந்தது. 1970 முதல் அது அமெரிக்க வைத்திய நிபுணர் போர்டு என்னும் பெயரால் வழங்குகின்றது. எம் நண்பர் சேர்ந்த உள்நோய் வைத்தியர் சபை 1936-இலும், ரண சிகிச்சையாளர் சபை 1937-இலும் தோன்றின. இன்று அப்பொதுச் சபையின் கீழ் 24 சபைகள் உள. அவற்றின் பத்திரம் உடையோர் தொகை ஒன்பது லட்சத்திற்கு மேற்பட்டது.

தொடக்கத்தில் இப்பத்திரம் ஆயுள் பரியந்தம் செல்லத்தக்கதாயிருந்தது. முப்பது வயதில் பரீட்சை தேறினவர், எழுபது வயதில் கைத்தடி ஊன்றி ஆஸ்பத்திரிக்குள் நுழையும்போதும் அப்பத்திரத்தின்படி நிபுணரே. சட்டகத்திலிட்டுச் சுவரில் மாட்டிய காகிதம் மங்கினாலும் அதன் மதிப்பு மங்காது. பட்டம் பெற்ற யாமும் அவ்வாறுதானே எண்ணிக்கொண்டிருக்கின்றோம்? 1975-இல் வாங்கிய பி.ஏ. பட்டத்தைத் திருப்பித் தருக என்று எந்தச் சர்வகலாசாலையும் எவரையும் கேட்பதில்லை.

ஆயின் வைத்திய சாஸ்திரம் நின்ற இடத்தில் நிற்பதன்று. வயிற்றுப் புண்ணை எடுத்துக்கொள்வோம். 1980-இல் தேறிய ஒரு வைத்தியர், அப்புண் மிகுந்த அமிலத்தாலும் மனக்கவலையாலும் வருவதென்று கற்றிருப்பார். நோயாளிக்குப் பாலும் ஓய்வும் அமிலம் குறைக்கும் மருந்தும் விதித்திருப்பார். 1982-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பாரி மார்ஷல், ராபின் வாரன் என்னும் இருவர் வயிற்றில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினர். மார்ஷல் 1984-இல் அக்கிருமியைத் தாமே குடித்து நோயுற்றார். புண்களிற் பெரும்பாலன அக்கிருமியாலேயே வருவனவென்றும், கிருமிக்கொல்லி மருந்தால் தீருமென்றும் நிலைநாட்டப்பட்டது; 2005-இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. இடையில், பழம் பாடத்தையே பற்றி நின்ற வைத்தியரிடம் சென்றவர்கள் தீரக்கூடிய நோயோடு எத்தனை ஆண்டு வருந்தினரோ!

இதனினும் கொடியது இருதய நோய் மருந்துகளின் கதை. மாரடைப்பிற்குத் தப்பியவர்களுக்கு நாடித் துடிப்பு இடையிடையே தவறித் துள்ளுமானால், அத்துள்ளலை அடக்க மருந்து கொடுப்பது வழக்கமாயிருந்தது. துள்ளல் ஆபத்துக்கு அறிகுறி. அதனை அடக்கினால் ஆபத்தும் அடங்கும் என்பது அன்றைய நியாயம். கேட்போர்க்கு இது பொருந்தியே தோன்றும். 1989-இல் முடிவு வெளிவந்த ஒரு பெருஞ் சோதனையில், என்கெய்னைட், பிளெக்கெய்னைட் என்னும் அவ்வகை மருந்துகளை உண்டோர், மருந்தற்ற வெறும் மாத்திரை உண்டோரினும் மிகுதியாக மாண்டனர் என்று தெரிந்தது. துடிப்பு அடங்கிற்று, உயிரும் போயிற்று. இச்செய்தியைப் படியாத வைத்தியர் தீய எண்ணம் சிறிதுமின்றியே தீங்கு செய்திருப்பார்.

அனுபவம் கல்வியின் குறையை நிரப்பாதோ எனின், நிரப்புமென்றே யாமும் நம்பியிருந்தோம். நரைத்த தலையைக் கண்டால் நோயாளிக்குத் தைரியம் பிறக்கின்றது. ஆனால் 2005-இல் ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர் சிலர் இதுபற்றிய 62 ஆராய்ச்சிகளை ஒருங்குவைத்து நோக்கினர். அவற்றுட் பாதிக்கு மேற்பட்டவை, தொழில் செய்த ஆண்டு கூடக் கூட வைத்தியரின் அறிவோ, சிகிச்சையின் தரமோ குறைந்தே வந்தது என்று காட்டின. கை பழகுகின்றது, ஆனால் பழகியதையே திரும்பச் செய்கின்றது. ஆசிரியத் தொழிலில் நெடுங்காலம் உழன்ற எமக்கு இதனைப் படித்தபோது சற்றே உறுத்திற்று. யாம் இருபதாண்டுக் குறிப்பேட்டையே கையில் வைத்துப் பாடம் சொன்ன நாட்களும் உண்டு.

பத்திரத்திற்குக் கால வரையறை விதித்தவருள் முதல்வர் குடும்ப வைத்தியர்கள். 1969-இல் அவர்களுடைய சபை தோன்றியபோதே, பத்திரம் ஏழாண்டிற்கு மட்டுமே செல்லும் என்று விதி செய்தனர். முன்பே தொழிலில் இருந்தவர்களுக்குங்கூடப் பரீட்சையின்றிப் பத்திரம் கொடுக்கவில்லை. புதிய துறை, தன் மதிப்பை நிலைநாட்ட வேண்டியிருந்தது. ஆதலின் தனக்கே கடுமை விதித்துக்கொண்டது போலும். ரண சிகிச்சையாளர் சபை 1976 முதற் பத்தாண்டு வரையறை இட்டது. எல்லாவற்றிலும் பெரியதாகிய உள்நோய் வைத்தியர் சபை, விரும்பினோர் மறுபரீட்சை எழுதலாமென்று 1974-இல் ஏற்பாடு செய்து பார்த்தது. விரும்பினோர் மிகச் சிலரே என்று கூறவேண்டுவதில்லை. 1990 முதல் அச்சபையும் பத்தாண்டு வரையறையை விதித்தது.

அவ்விதியில் ஒரு பிளவு நேர்ந்தது. 1990-க்கு முன் தேறினோர்க்கு ஆயுள் பத்திரம் என்று வாக்களித்தாயிற்று, அதனை மீறலாகாது. ஆகவே அவர்கள் மறுபரீட்சை எழுதவேண்டுவதில்லை. இத்தகையோரை அந்நாட்டார் 'பாட்டனார் உரிமை' பெற்றவர் என்பர். அச்சொல்லின் பிறப்பு நல்லதன்று: தென் மாகாணங்கள் சில, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நீக்ரோ மக்களை வாக்களிக்கவொட்டாது தடுக்கும் சட்டங்களைச் செய்து, பாட்டனார் வாக்காளராயிருந்த வெள்ளையர்க்கு மட்டும் விலக்கு அளித்ததிலிருந்து எழுந்தது அது. 1989-இல் தேறியவர் என்றும் நிபுணர். 1990-இல் தேறியவர் பத்தாண்டுக்கொருமுறை மாணாக்கர். மூப்பினால் அறிவு குறையுமென்று அஞ்சிச் செய்த விதி, மூத்தவரை விட்டு இளையவரைப் பிடித்தது விந்தையே.

2000-ஆம் வருஷம் பொதுச் சபை மற்றுமோர் அடி எடுத்து வைத்தது. பத்தாண்டுக்கு ஒரு நாள் பரீட்சை போதாது. இடைக்காலமெல்லாம் பயிற்சி தொடரவேண்டும் என்று கருதி, 'பத்திரப் பராமரிப்பு' என்னும் திட்டத்தை எல்லாச் சபைகளும் ஏற்கச் செய்தது. அதற்கு நான்கு உறுப்புக்கள். லைசென்ஸ் குற்றமின்றி இருத்தல் ஒன்று, இடைவிடாத கல்வி ஒன்று, பரீட்சை ஒன்று. இவை எளிதில் விளங்கும். நான்காவது, வைத்தியர் தம் தொழிலைத் தாமே அளந்து திருத்துதல். உதாரணமாக, நீரிழிவு நோயாளிகளின் பாதங்களை ஆண்டுக்கொரு முறையேனும் பார்க்கவேண்டும் என்பது வைத்தியர் அனைவரும் அறிந்த விதி. நீர் அறிவீர், செய்கின்றீரா? உம்முடைய குறிப்புக்களை எடுத்து எண்ணும். எத்தனை பேருடைய பாதத்தைப் பார்த்தீர்? நோயாளி அறைக்குள் வந்ததும் காலணியைக் கழற்றும்படி தாதி சொல்லிவைக்க ஏற்பாடு செய்யும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் எண்ணும். இதுவே அதன் முறை. நால்வகையிலும் இதுவே சிறந்ததென்று எமக்குத் தோன்றுகின்றது. வைத்தியர்களுக்கோ இதுவே பெரிதும் கசந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பவர்க்குக் குறிப்பெடுத்து உதவ ஆட்கள் உளர். சிற்றூரில் தனியே தொழில் நடத்துபவர் நோயாளிகள் போனபின் இரவில் உட்கார்ந்து தாமே எண்ணவேண்டும்.

2014 ஜனவரியில் உள்நோய் வைத்தியர் சபை விதிகளை இன்னும் இறுக்கிற்று. இரண்டாண்டுக்கொருமுறை சில புள்ளிகளும், ஐந்தாண்டில் நூறு புள்ளிகளும் ஈட்டவேண்டும். ஈட்டாதவர் பெயருக்கெதிரே அவர் திட்டத்தில் பங்குபற்றவில்லையென்று ஊரறியக் குறிக்கப்படும். ஆயுள் பத்திரக்காரரும் இக்குறிப்புக்குத் தப்பவில்லை. புயல் எழுந்தது. எதிர்ப்பு விண்ணப்பத்தில் பத்தொன்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். கட்டணம் மிகுதி, காலம் விரயம், வினாக்கள் எம் தொழிலுக்குப் புறம்பானவை, சபையின் தலைவர்கள் பெறும் சம்பளமோ பெரிது என்று முறையிட்டனர். 2015 பிப்ரவரியில் சபை, தான் தவறு செய்ததாக ஒப்புக்கொண்டு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, கசந்த பகுதிகளை நிறுத்திவைத்தது. அதிகாரத்திலிருக்கும் ஒரு சபை இவ்வளவு பச்சையாக மன்னிப்புக் கேட்டதை யாம் வேறெங்கும் அதிகம் கண்டதில்லை. அவ்வருஷமே, பரீட்சையின்றிக் கல்வி நேரத்தை மட்டும் கணக்கிட்டுப் பத்திரம் வழங்கும் எதிர்ச் சபை ஒன்றும் தோன்றிற்று.

முறையீடுகள் வெறும் சோம்பலின் குரல் அல்ல. 2015-இல் வெளியான ஒரு கணக்கின்படி, ஓர் உள்நோய் வைத்தியர்க்குப் பத்தாண்டில் இத்திட்டத்தால் ஆகும் செலவு சராசரி 23,607 டாலர். இதிற் பத்தில் ஒன்பது பங்கு கட்டணமன்று, அவர் செலவிடும் நேரத்தின் விலை. அந்நேரம் நோயாளிகளுக்கு உரியதாயிருந்த நேரம். சரி, பயனேனும் உண்டோ? 2014 டிசம்பரில் இரண்டு ஆராய்ச்சிகள் ஒருங்கே வெளிவந்தன. இரண்டும் மேற்சொன்ன 1989, 1990 பிளவையே தராசாகக் கொண்டவை. ஒன்று, போர்வீரராயிருந்தோர்க்கான ஆஸ்பத்திரிகளில் இருவகை வைத்தியரின் சிகிச்சைத் தரத்தையும் ஒப்பிட்டு, வேற்றுமை காணவில்லை. மற்றொன்று, தவிர்க்கக்கூடிய நோய்களால் ஆஸ்பத்திரி சேர்ந்தோர் தொகையில் வேற்றுமை காணவில்லை. செலவு மட்டும் மறுபரீட்சைக்கு உட்பட்டோரிடம் சற்றே குறைவாக உயர்ந்தது. பரீட்சையை வெறுப்போர்க்கு இது பெரிய ஆயுதமாயிற்று. ஆயினும் ஒன்று சொல்வோம்: ஆயுள் பத்திரக்காரர் படியாதிருந்தனர் என்பது இதனாற் பெறப்படாது, அவருள்ளும் பலர் தாமே படித்திருக்கலாமன்றோ?

பழைய மறுபரீட்சை எத்தகையதென்று எம் நண்பர் கூறினார். ஒரு நாள் முழுதும் பரீட்சை நிலையத்தில் அடைபடவேண்டும். சட்டைப்பையை வெளியே இழுத்துக் காட்டி உள்ளே செல்லவேண்டும். அதற்கு முன் மூன்று நான்கு மாதம் நெட்டுருப் போடவேண்டும். "தேறினேன், ஆறு மாதத்திற்குள் பாதி மறந்தேன்" என்றார். இங்கு நம் மாணாக்கர் செவி சாய்க்கத்தக்க ஒரு செய்தி உண்டு. 2006-இல் வாஷிங்டன் சர்வகலாசாலையின் ரோடிகர், கார்ப்பிக் என்னும் மனோதத்துவ நூலார் இருவர், மாணாக்கரில் ஒரு சாராரை ஒரு பாடத்தை மறுபடியும் மறுபடியும் படிக்கவும், மற்றொரு சாராரை ஒருமுறை படித்தபின் புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதவும் செய்தனர். ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டால் திரும்பப் படித்தவரே மேம்பட்டனர். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தம்மைத் தாமே சோதித்தவர் வெகுதூரம் முந்தினர். வினா என்பது அறிவை அளக்கும் கோல் மட்டுமன்று, அதனை ஊன்றும் முளையுமாகும்.

இவ்வுண்மையை முதலிற் பயன்படுத்தியோர் மயக்க மருந்து வைத்தியர்கள். 2014-இல் சோதித்துப் பார்த்து, 2016 முதற் பத்தாண்டுப் பரீட்சையையே நீக்கி, காலாண்டுக்கு முப்பது வினா, வினாவிற்கு ஒரு நிமிஷம் என்னும் முறையைக் கைக்கொண்டனர். குழந்தை வைத்தியர் சபை 2019-இல் இதனைப் பின்பற்றிற்று. ரண சிகிச்சையாளர் 2018 முதல் இரண்டாண்டுக்கொருமுறை நாற்பது வினாக்களுக்கு, புத்தகங்களைப் பார்த்தே, விடை தருகின்றனர். நூற்றுக்கு எண்பது வாங்கவேண்டும். உள்நோய் வைத்தியர் சபை 2022-இல் தொடங்கிய முறையே எம் நண்பர் விருந்தினர் அறையில் எழுதிக்கொண்டிருந்தது. ஐந்தாண்டில் 600 வினாக்கள் வரும். 500-க்குக் குறையாமல் திறந்து பார்க்கவேண்டும். வினாவிற்கு நான்கு நிமிஷம். அவசரத்திற்கு ஆண்டொன்றுக்கு முப்பது நிமிஷம் சேமிப்பாக உண்டு. நூல்களைப் பார்க்கலாம், பிறரைக் கேட்கலாகாது, வினாவைப் பிறர்க்கு உரைக்கவும் கூடாது. அதனாலன்றோ கணினியை எமக்கு மறைத்தார்! விடை அளித்தவுடன் சரியா தவறா என்பதும், அதன் காரணமும் தோன்றும். ஐந்தாண்டு முடிவிலேயே தீர்ப்பு. தேறாதவர் பழையபடி ஒருநாள் பரீட்சைக்கு உட்காரவேண்டும்; தொடக்கத்திலேயே அதனை விரும்புவோர்க்கும் அவ்வழி திறந்துள்ளது.

அன்றிரவு அவருடைய நான்கு நிமிஷம் முடிந்தபின் நெடுநேரம் பேசாதிருந்தார். கணினியில் எதனையோ இருமுறை படித்தார். "தவறிவிட்டது" என்றார். ஒரு வினா தவறினால் என்ன குடிமுழுகிப் போயிற்று என்று யாம் தேற்றினோம். "மதிப்பெண்ணைப் பற்றி யார் கவலைப்பட்டார்? என்னிடம் வருவோரில் இரண்டு பேருக்கு இதே மருந்தை இதே அளவில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்" என்று சொல்லி, சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்புப் புத்தகத்தை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார். பழங்கதை பேசவந்த யாம் விடைபெற்றுத் திரும்பினோம்.

வினாக்களால் அளக்கவொண்ணாதனவும் உண்டு. 2013-இல் மிச்சிகன் மாகாணத்தில், உடற்பருமனுக்கு வயிற்றில் சிகிச்சை செய்யும் இருபது ரண வைத்தியர்கள், தாம் கத்தி எடுக்கும் காட்சியைப் படம்பிடித்துக் கொடுத்தனர். பெயர் தெரியாத நிலையில் சக வைத்தியர்கள் அவற்றைப் பார்த்துக் கைத்திறனுக்கு மதிப்பெண் இட்டனர். கைத்திறனில் கடைசிக் கால்வாசியினரிடம் சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 14.5 பேருக்குச் சிக்கல்கள் நேர்ந்தன. முதற் கால்வாசியினரிடம் 5.2 பேருக்கே நேர்ந்தன. எழுத்துப் பரீட்சை எதுவும் இவ்வேற்றுமையைக் காட்டியிராது. கண் பார்த்துக் கை செய்யும் தொழிலுக்குக் கண்ணும் கையுமே சோதிக்கப்படவேண்டும் என்பது எமக்கு நியாயமாகவே தோன்றுகின்றது. ஆனால் அதற்கு ஆகும் பொருளையும் காலத்தையும் எண்ணினால் வாய் அடைக்கின்றது.

பூசல் முற்றும் ஓய்ந்ததன்று. 2016-இல் ஒக்லஹோமா மாகாணம், லைசென்ஸுக்கு மறுபத்திரத்தைக் கட்டாயமாகக் கேட்கலாகாதெனச் சட்டம் செய்தது. வேறு சில மாகாணங்களும் பின்தொடர்ந்தன. முதற் பத்திரத்தோடு பராமரிப்பையும் பிணைத்து விற்பது வியாபார ஏகபோகம் என்று வைத்தியர் நால்வர் 2018-இல் உள்நோய் வைத்தியர் சபைமீது தொடுத்த வழக்கைப் பென்ஸில்வேனியாவில் உள்ள சமஷ்டி நீதிமன்றம் 2019-இல் தள்ளிற்று. மேல்முறையீடும் 2021-இல் தள்ளுபடியாயிற்று. பொதுச் சபையோ, 2019-இல் ஒரு விசாரணைக் குழு தந்த அறிக்கையைக் கேட்டு, திட்டத்தின் பெயரையே 'தொடர் பத்திரம்' என மாற்றிக்கொண்டது. 2024 ஜனவரி முதல் நடப்பிலுள்ள அதன் விதிகளின்படி, ஒவ்வொரு சபையும் ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் தன் நிபுணர்களின் நிலையை நோக்கவேண்டும். ஒருநாட் பரீட்சைக்கு மாற்று வழியும் வைத்திருக்கவேண்டும். நோயாளி எவரும் தம் வைத்தியர்க்குப் பத்திரம் நடப்பில் உள்ளதா என்பதைக் காசின்றி இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டனார் உரிமைக்காரர் மட்டும் எவ்விதிக்கும் உட்படாமல் இருந்துவருகின்றனர். 1989-இல் முப்பது வயதில் தேறினவர்க்கும் இப்போது அறுபத்தைந்து கடந்தாயிற்று. பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். சட்டமும் வழக்கும் விண்ணப்பமும் தீர்க்கமாட்டாத இந்த ஒரு பிணக்கை இன்னும் சில ஆண்டுகளில் மூப்பே தீர்த்துவைக்கும். எம் நண்பர் அத்தொகையிற் சேர்ந்தவரல்லர். விமானம் ஏறுமுன் மிகுதியான வினாக்களையும் எழுதி முடித்துவிட்டதாகத் தெரிவித்தார். அடுத்த காலாண்டின் முப்பது வினாக்கள் அவருக்காகக் காத்திருந்தன.